மண்ணைப் பிடித்திருப்பது வேர். மக்களைக் காப்பது யார்?

மலை சரிந்து மனிதர்கள் மாண்ட செய்தி வரும்போதெல்லாம் மேலிடத்திலிருந்து ஒரே பல்லவிதான் கேட்கிறது: "இயற்கையின் சீற்றம்! மனிதனால் என்ன செய்ய முடியும்?" மந்திரிகள் வருகிறார்கள். மலர்வளையம் வைக்கிறார்கள். நஷ்ட ஈடு அறிவிக்கிறார்கள். அடுத்த மழைக்காலம் வரை விஷயம் மூடி வைக்கப்படுகிறது. அடுத்த மழையில் மற்றொரு மலை, மற்றொரு லயம், மற்றொரு பிணக்குவியல்.

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு மலையில் பெட்டிமுடி என்னும் தேயிலைத் தோட்டக் குடியிருப்பின் மேல் மலை இறங்கியது. உறங்கிக் கொண்டிருந்த 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும். அவர்களில் பலருக்குப் பூர்வீகம் நம் கயத்தாறு வட்டாரம். மின்சாரம் இல்லை, தொலைபேசி வேலை செய்யவில்லை, வழியிலிருந்த பெரியவாரைப் பாலத்தை வெள்ளம் கொண்டு போயிருந்தது. ஒரு குடியிருப்பே புதைந்த செய்தி வெளியுலகுக்கு எட்டப் பொழுது விடிய வேண்டியிருந்தது.

இது தனி நிகழ்ச்சி அல்ல. 2014 அக்டோபர் 29 அன்று இலங்கையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில், நம் வம்சாவளித் தமிழர்கள் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. 2019 ஆகஸ்ட் 8 அன்று வயநாட்டுப் புத்துமலையில் 17 பேர் மாண்டார்கள். அதே நாளில் மலப்புறம் மாவட்டத்துக் கவளப்பாறையில் 59 பேர். புத்துமலைக்குப் பக்கத்திலேயே, ஐந்தாண்டு கழித்து, 2024 ஜூலை 30 விடியற்காலையில் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தன. 250க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. நம் நீலகிரியிலோ 1978 நவம்பரிலும் 2009 நவம்பரிலும் மலைகள் சரிந்தன. 2009ல் மட்டும் 40க்கு மேற்பட்டோர் மாண்டனர். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் அடித்தபோது இலங்கை மலைநாடு மீண்டும் மண்ணில் புதைந்தது.

இத்தனையும் தற்செயலா? தலையெழுத்தா? நாம் அப்படி நினைக்கவில்லை. மலை எப்படி நிற்கிறது, எப்படிச் சரிகிறது என்பதை விஞ்ஞானம் ஆராய்ந்து சொல்லியிருக்கிறது. அந்த அறிவு பட்டதாரிகளுக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் மட்டும் உரிய சொத்து அல்ல. மலையடியில் படுத்துறங்குகிற தொழிலாளிக்கே அது முதலில் தெரிய வேண்டும்.

வைக்கோல் சேர்த்த மண்சுவர்

மண்சுவர் வைத்த அனுபவம் நம் கிராமத்துத் தோழர்களுக்கு உண்டு. மண்ணைப் பிசையும்போது வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டு மிதிக்கிறோம். எதற்காக? வெறும் மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் பிளந்துவிடும். வைக்கோல் இழை அந்த இழுப்பைத் தாங்குகிறது. மில்லில் வேலை செய்யும் தோழருக்கு இதையே வேறு விதமாகச் சொல்லலாம். பஞ்சைப் பிய்த்தால் வந்துவிடும்; முறுக்கேறிய நூலை அப்படிப் பிய்க்க முடியாது. மலைச்சரிவில் மண்தான் பஞ்சு. வேர்தான் நூல்.

மரத்தின் வேர்கள் இரண்டு வேலை செய்கின்றன. பக்கவாட்டில் ஓடும் வேர்கள் மேல் மண்ணைப் பாவும் ஊடையுமாகப் பின்னி ஒரே விரிப்பாக்குகின்றன. கீழே இறங்கும் வேர்கள் அந்த விரிப்பை அடியிலுள்ள கெட்டி மண்ணோடும் பாறை வெடிப்போடும் ஆணி அடித்ததுபோல் இணைக்கின்றன. அதோடு, இலையும் சருகும் மழையின் அடியைத் தாங்கிக்கொள்கின்றன. மரம் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி ஆவியாக வெளிவிட்டு, அடுத்த மழைக்கு மண்ணில் இடம் செய்து வைக்கிறது.

இனி நீரின் கதை. மலை மண் சரிவில் வழுகாமல் நிற்பது ஏன்? மண் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து, ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. துகள்களுக்கு நடுவே காற்றிருந்த இடத்தில் நீர் நிரம்பிவிட்டால், அந்த நீர் துகள்களை விலக்கித் தள்ளுகிறது. பிடி தளர்கிறது. அதே நேரத்தில் மண்ணின் கனமும் கூடுகிறது. கனம் கூடக் கூட, பிடி குறையக் குறைய, ஒரு கட்டத்தில் சரிவு முழுவதும் பெயர்ந்து வருகிறது. நம் மேற்கு மலைகளில் பல இடங்களில் அடியில் உறுதியான கருங்கல், அதன்மேல் மக்கிய மண் என்ற அமைப்பு இருக்கிறது. மழைநீர் மண்ணில் இறங்குகிறது, பாறையில் இறங்க முடியவில்லை, அங்கேயே தேங்குகிறது. மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே அது வழுக்குத் தளமாகிறது.

எவ்வளவு நீர் என்று கணக்குப் பார்ப்போம். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். வயநாட்டில் 2024 சரிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் அந்த மலைப்பகுதியில் 570 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அப்படியானால் ஒரு ஏக்கர் நிலத்தில் விழுந்த நீர் 23 லட்சம் லிட்டர். 10,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 230 வந்து ஒரே ஏக்கரில் கொட்டியதற்குச் சமம்!

மற்றொன்றும் உண்டு. வயல் வரப்பில் நண்டு வளை விழுந்தால் என்ன ஆகும் என்பது விவசாயத் தொழிலாளிக்குத் தெரியும். மேலே பார்த்தால் வரப்பு அப்படியே இருக்கும். உள்ளே நீர் குடைந்துகொண்டே போகும். ஒரு நாள் வரப்பே உடைப்பெடுக்கும். கேரளத்து மலைகள் சிலவற்றில் இப்படியே மண்ணுக்கடியில் நீர் குடைந்த குகைவழிகள் இருப்பதை விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள். மரத்தை வெட்டி, அதன் வேர் உள்ளேயே மக்கிப் போனால், வேரிருந்த இடம் வெறும் குழாயாகி நீருக்கு இத்தகைய வழிகளைத் திறந்துவிடவும் கூடும்.

வெட்டியவன் ஒருவன், புதைபவன் ஒருவன்

இங்கேதான் தோழர்கள் ஒரு முக்கியமான உண்மையைக் கவனிக்க வேண்டும். மரத்தை வெட்டிய மறுநாளே மலை சரிவதில்லை. வெட்டிய மரத்தின் வேர் உடனே பிடியை விடாது. அது மெல்ல மெல்ல மக்குகிறது. வெட்டியபின் ஏறத்தாழ மூன்று ஆண்டிலிருந்து பதினைந்து ஆண்டு வரையிலான காலமே சரிவுக்கு மிகவும் பலவீனமான காலம் என்று பல நாடுகளில் செய்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பழைய வேர் மக்கியிருக்கும். புதிய வேர் இன்னும் பலம் பெற்றிருக்காது.

இதன் பொருள் என்ன? மரத்தை விற்றுக் காசாக்கியவன் போய்விடுகிறான். தோட்டம் கை மாறுகிறது. குத்தகைக்காரன் மாறுகிறான். அதிகாரி மாற்றலாகிப் போகிறான். ஆனால் தொழிலாளி மாறுவதில்லை. அவன் பாட்டன் படுத்த லயத்தில் அவன் பேரனும் படுத்திருக்கிறான். லாபம் ஒருவன் கைக்குப் போய்ப் பத்தாண்டு கழித்து, அதற்கான விலையை மற்றொருவன் உயிரால் கொடுக்கிறான். குற்றத்துக்கும் சாவுக்கும் நடுவே இவ்வளவு காலம் கிடப்பதால்தான் "இயற்கை" என்ற பொய் எளிதாக எடுபடுகிறது.

19ஆம் நூற்றாண்டில் வெள்ளைத் துரைகள் மூணாற்றிலும் நீலகிரியிலும் வயநாட்டிலும் இலங்கையிலும் பெருங்காடுகளை அழித்துக் காப்பியும் தேயிலையும் வைத்தார்கள். அந்தக் காட்டை வெட்டியது நம் தாத்தன், பாட்டி கைகள்தான். வெட்டச் சொன்னதும் விற்றதும் வேறு கைகள். பஞ்சமும் கங்காணியும் சேர்ந்து நம் ஜனங்களை மலைக்குத் துரத்தின. அவர்களுக்குக் கிடைத்தது கூலியும் ஒரு லயத்து அறையும். அந்த லயம் எங்கே கட்டப்பட்டது? நல்ல நிலம் தேயிலைக்கு. பல தோட்டங்களில் லயத்துக்குக் கிடைத்தது சரிவின் அடிவாரம், ஓடைக்கரை, பள்ளம். மலையிலிருந்து நீரும் சேறும் இறங்கி வரும் வழியும் அதுவே அல்லவா?

நாம் நேர்மையாகப் பேச வேண்டும். தேயிலைச் செடியே கொலைகாரன் என்று நாம் சொல்லவில்லை. நெருக்கமாக வளர்ந்து நிலத்தை மூடி நிற்கும் தேயிலை, மேல்மண் கரைந்து போகாமல் நன்றாகவே காக்கிறது. விதையிலிருந்து முளைத்த தேயிலைக்கு ஆழமான ஆணிவேரும் உண்டு. ஆனால் துண்டு நட்டு வளர்த்த செடிக்கு அந்த ஆணிவேர் கிடையாது. இடுப்பளவுக்கு வெட்டி நிறுத்தப்படும் செடியின் வேர்கள் பெருமரங்கள் நின்ற காட்டின் வேர்ப் பின்னலுக்கு ஈடாகாது. அதிலும் ஓடைத் தலைப்புகளிலும் பள்ளங்களிலும் இருந்த காட்டை அழித்தது, வடிகால்களைத் தூர் வாராமல் விட்டது, சரிவின் அடியை வெட்டிச் சாலையும் கட்டிடமும் போட்டது - இவைதான் ஆபத்தைப் பெருக்கின. சரிவின் அடியை வெட்டுவது, அடுக்கிய மூட்டைகளில் அடிமூட்டையை உருவுவதற்குச் சமம்.

மரம் நட்டால் மட்டும் போதுமா?

போதாது! இதை நாம் அழுத்திச் சொல்கிறோம். ஏனென்றால் சிலர் நாலு மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு கடமை முடிந்தது என்கிறார்கள்.

வேர்களில் பெரும்பகுதி மண்ணின் மேல் ஒன்றிரண்டு மீட்டரிலேயே இருக்கிறது. வழுக்குத் தளம் அதற்கும் ஆழத்தில் இருந்தால் வேரின் கை அங்கே எட்டாது. மழை நாள் கணக்கில் விடாமல் அடித்து மண் முழுக்க நீரால் நிரம்பிவிட்டால், மரம் உறிஞ்சும் நீரும் கணக்கில் வராது. வயநாட்டில் 2024ல் சரிவு தொடங்கியது, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில், வெள்ளரிமலைக் காட்டுப் பகுதியில். அங்கிருந்து பாறையும் சேறும் மரமும் கலந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தூரம் ஓடியது என்று துணைக்கோள் படங்கள் காட்டின.

"பார்த்தீர்களா, காட்டிலேயே சரிந்தது, ஆகவே யார்மீதும் குற்றமில்லை" என்று இதைக் காட்டிச் சிலர் வாதாடுகிறார்கள். இந்த வாதம் அவர்களையே திருப்பி அடிக்கிறது! காடு பல சரிவுகளைத் தடுக்கும், எல்லாவற்றையும் தடுக்காது. தடுக்க முடியாத சரிவு வரும் என்று தெரிந்தால், அது ஓடிவரும் வழியில் மனிதனைக் குடிவைக்கலாமா? மலை சரிவது ஓரளவு இயற்கை என்றே வைத்துக்கொள்வோம். மலைக்கடியில் 70 பேரைப் படுக்க வைத்தது இயற்கையா?

மீரியபெத்தையில் சரிவு நேர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அந்த இடம் ஆபத்தானது என்று இலங்கையின் தேசியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை காகிதத்தில் இருந்தது. ஜனங்கள் லயத்தில் இருந்தார்கள். போவதற்கு வேறு வீடோ நிலமோ இல்லாதவனுக்கு எச்சரிக்கை மட்டும் எதற்குப் பயன்படும்? "போகச் சொன்னோம், போகவில்லை" என்று பழியைச் செத்தவன் தலையில் சுமத்தத்தான் பயன்படும்.

சட்டத்தில் ஒரு ஓட்டை

1951ல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்குக் குடியிருப்புத் தருவதை முதலாளியின் கடமையாக்கியது. 1981ல் அதில் ஒரு திருத்தம் சேர்த்தார்கள். முதலாளி கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ மாண்டால் முதலாளி நஷ்ட ஈடு தர வேண்டும். நல்லது. ஆனால் கூடவே ஒரு விலக்கும் வைத்தார்கள்: வீடு இடிந்ததற்கு முழுமையாகவும் நேரடியாகவும் குடியிருந்தவரின் தவறோ இயற்கைச் சீற்றமோ காரணமாக இருந்தால் நஷ்ட ஈடு இல்லை. 2020ல் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே விலக்கு தொடர்கிறது.

இப்போது புரிகிறதா, "இயற்கைச் சீற்றம்" என்ற சொல்லை ஏன் இவ்வளவு அவசரமாக உச்சரிக்கிறார்கள் என்று? அது வெறும் துக்கச் சொல் அல்ல. அது பணம் சம்பந்தப்பட்ட சொல். அந்தச் சொல் நின்றால் முதலாளியின் கை தப்புகிறது. பொறுப்பு முழுவதும் சர்க்கார் கஜானாவின் தலையில், அதாவது நம் வரிப்பணத்தின் தலையில் விழுகிறது. ஆகவே, வேரும் மண்ணும் நீரும் எப்படி வேலை செய்கின்றன என்பதைத் தொழிலாளி அறிவது அவன் நஷ்ட ஈட்டு உரிமையையும் சேர்ந்த விஷயம். வடிகால் அடைபட்டிருந்தது, மேலே மரம் வெட்டப்பட்டது, அடியில் மண் வெட்டப்பட்டது, ஆபத்து என்று தெரிந்தும் வீடு மாற்றப்படவில்லை - இவற்றில் ஒன்றைக் காட்ட முடிந்தால், இயற்கை ஒன்றே காரணம் என்ற வாதம் நிற்காது.

செய்ய முடியும்!

செய்ய முடியாத காரியமா இது? இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஹாங்காங்கில் 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு மலைச்சரிவுகள் நேர்ந்தன. ஒன்றில் 71 பேர், மற்றொன்றில் 67 பேர் மாண்டார்கள். 1976ல் மீண்டும் 18 பேர். ஜனங்களின் ஆத்திரம் பொங்கியது. 1977ல் மலைச்சரிவுகளைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் அமைத்தார்கள். சரிவுகளுக்கு எண் கொடுத்துப் பட்டியல் போட்டு, வடிகால் அமைத்து, செடி கொடி வளர்த்து, தாங்கு சுவர் கட்டிப் பராமரித்தார்கள். மழைக்கு எச்சரிக்கை முறையும் வைத்தார்கள். அதன்பின் அங்கே மலைச்சரிவுச் சாவுகள் பெருமளவு குறைந்துவிட்டன. மலையும் மாறவில்லை, மழையும் நிற்கவில்லை. மாறியது ஏற்பாடு. லாபமே வேதமான ஒரு நகரமே இதைச் செய்ய நேர்ந்தபோது, நம் சர்க்கார்கள் ஏன் செய்யக் கூடாது?

நம்மிடம் வழியும் உண்டு, பொருளும் உண்டு. நம் நாட்டு வெட்டிவேர் நேர்கீழாக இரண்டு மூன்று மீட்டர் வரை இறங்கும் புல். சாலையோரச் சரிவுகளைக் காக்க மலேசியாவும் தாய்லாந்தும் அதைப் பயன்படுத்துகின்றன. நாமோ பெரும்பாலும் விசிறியும் தட்டியும் செய்வதோடு நிறுத்திவிட்டோம். ஓடைத் தலைப்புகளில் சோலை மரங்களை மீண்டும் வளர்க்க வேண்டும். சாலையோரச் சரிவில் வெட்டிவேர் வைக்க வேண்டும். மழைக்கு முன் வடிகாலைத் தூர் வார வேண்டும். இவை யாவும் தொழிலாளி கைக்குத் தெரிந்த வேலைகள். வேலையில்லாதோருக்கு வேலையும் கூட.

நீலகிரியில் 283 இடங்கள் ஆபத்தானவை என்று மாவட்ட நிர்வாகமே கணக்கெடுத்து வைத்திருக்கிறது. கணக்கெடுத்தது நல்லது. அந்தப் பட்டியல் அங்கே குடியிருப்பவன் கையில் இருக்கிறதா என்பதே நம் கேள்வி.

நாம் கோருவது இவை:

தோட்டங்களில் உள்ள ஒவ்வொரு குடியிருப்பின் மேலுள்ள சரிவையும் நிபுணர்கள் சோதித்து, முடிவைத் தொழிலாளியின் மொழியில் பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும்.

ஆபத்தான இடத்திலுள்ள குடும்பங்களுக்குப் பாதுகாப்பான நிலத்தில், அவர்கள் பெயரிலேயே பட்டாவோடு வீடு தர வேண்டும். வேலை போனால் வீடும் போகும் என்ற அடிமைத்தனம் ஒழிய வேண்டும்.

தோட்டந்தோறும் மழைமானி வைக்க வேண்டும். மழை அபாய அளவைத் தாண்டினால் வேலை நிறுத்தி, கூலி வெட்டாமல், ஜனங்களை மேடான இடத்துக்கு மாற்ற வேண்டும்.

செங்குத்துச் சரிவுகளிலும் ஓடைத் தலைப்புகளிலும் மரம் வெட்டுவதையும் மண் வெட்டுவதையும் தடை செய்ய வேண்டும். தடை ஏழையின் குடிசைக்கு மட்டும் பாயாமல் பெருமுதலாளியின் விடுதிக்கும் பாய வேண்டும்.

இயற்கைச் சீற்றம் என்ற விலக்கைச் சட்டத்திலிருந்து நீக்க வேண்டும்.

சமவெளித் தோழர்களுக்கு

"மலையில் நடப்பதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கோவை மில் தொழிலாளியோ, ஈரோட்டு வயல் தொழிலாளியோ கேட்க மாட்டார் என்று நம்புகிறோம். 1930களில் கோவை மில்களை ஓட்டிய மின்சாரம் நீலகிரியின் பைக்காராவிலிருந்து இறங்கி வந்தது. பவானி பாயும் வயலுக்கு நீர் அந்த மலையிலிருந்துதான் வருகிறது. மலையில் வேர் விட்ட மண் நம் அணைகளில் வந்து வண்டலாகப் படிகிறது, அணை கொள்ளும் நீர் குறைகிறது, கடைமடை காய்கிறது. மேலே புதைபவனும் கீழே காய்பவனும் ஒரே வர்க்கம்.

மலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சட்டம் வரும்வரை உயிரைக் காத்துக்கொள்ள வேண்டும். தரையில் புதிய வெடிப்பு, சாயும் மரமோ கம்பமோ, திடீரென்று அடைத்துக்கொள்ளும் கதவு, இல்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த ஓடை திடீரென்று கலங்குவது, பெருமழையில் ஓடை சட்டென்று வற்றுவது - இவை மலை கொடுக்கும் முன்னறிவிப்பு. கண்டவுடன் கணக்குப்பிள்ளையின் உத்தரவுக்குக் காத்திராமல் குழந்தைகளோடு வெளியேறுங்கள். ஓடையின் போக்கில் கீழே ஓடாதீர்கள். பக்கவாட்டில் மேட்டுக்குப் போங்கள். கண்டதைத் தேதியோடு எழுதி வையுங்கள். சங்கத்துக்குச் சொல்லுங்கள். நாளை வழக்கு மன்றத்தில் அதுவே சாட்சி.

தனி வேர் ஒரு பிடி மண்ணைத்தான் தாங்கும். பின்னிய வேர்கள் ஒரு சரிவையே தாங்கும். மலைத் தொழிலாளியும் மில் தொழிலாளியும் வயல் தொழிலாளியும் பின்னி நின்றால், இந்தக் கோரிக்கைகளை வென்றே தீருவோம். அடுத்த மழை வருவதற்குள் இதை ஒவ்வொரு சங்கத்திலும் பேசுங்கள், தீர்மானம் போடுங்கள், சர்க்காருக்கு அனுப்புங்கள்!